மூன்றாம் தொட்டியில் வந்த நீலம்

மகனே,

இந்தக் கடிதத்தை நீ படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. ரிஷிவந்தியம் போகும்போது கையோடு எடுத்துப் போய், நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடமும் கொடு. எப்படிப்பட்ட ஆளுக்கு மருமகளாக வரப்போகிறோம் என்பது தாலி ஏறுவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் விளக்கமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு படி. கவரின் வாயைப் பசை போட்டு ஒட்டி, அதன்மேல் டேப் ஒட்டி, டேப்பின் மேல் குறுக்காக என் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கையெழுத்து கோணியிருந்தால் வழியில் யாரோ பிரித்துப் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சிரிக்காதே. ஐம்பத்தெட்டு வயதில் ஒரே வாரத்தில் புத்தி மாறிவிடுமா என்ன?

போன வாரம் நீ போனில் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "அப்பா, கரியாலூர் ஏழுமலை அண்ணனுக்கு மட்டும் நீங்களே நேர்ல போய் பத்திரிக வெக்கணும். வெச்சிட்டு வந்து எனக்கு ஒரு லெட்டர் எழுதுங்க. அப்புறமா நீங்க கல்யாணத்துக்கு வர்றதப் பத்திப் பேசிக்கலாம்" என்றாய். ஒரே மகன், அவன் கல்யாணத்துக்குப் பெற்ற அப்பன் வரலாமா கூடாதா என்பது ஒரு கடிதத்தில் தொங்குகிறது. போனை வைத்த கையோடு உன் அம்மாவிடம் கத்தினேன். "பாத்தியா, போன்ல பேசினா போதாதாம். எழுத்துல வாங்கி வெச்சிக்கப் பாக்கறான். இதுக்குப் பின்னால எவனோ கீறான்" என்றேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "ஆமா, பின்னால ஆளு கீது. அது நீங்கதான்" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு ஏழுமலை யாரென்று தெரியாது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் நம் மீனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் வீட்டுக்குப் பின்னால் ஆறு சிமென்ட் தொட்டிகள் இருக்கின்றன. அதில் நான் வளர்ப்பது பீகாக் என்கிற அலங்கார மீன். ஆப்பிரிக்காவில் மலாவி என்று கடல் மாதிரி ஒரு ஏரி, அங்கேயிருந்து வந்த மீன். கள்ளக்குறிச்சியில் நம் போர் தண்ணீர் இருக்கிற இருப்புக்கு சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. உன் அம்மா அதைத் திட்டாத நாளே கிடையாது. அந்த மீனுக்கோ அந்தத் தண்ணீர்தான் ஆகும். அதுதான் எனக்குச் சோறு போட்டது, உன்னைப் படிக்க வைத்தது.

இந்த மீனில் ஒரு வம்பு உண்டு. மீன் ஒரே மீன்தான். ஆனால் அந்த ஏரியில் ஒரு கரையில் மஞ்சளாக இருக்கும், கொஞ்சம் தள்ளி அடுத்த பாறைத் திட்டில் நீலமாக இருக்கும். நடுவில் மணல்வெளி. பாறையை ஒட்டியே பிழைக்கிற மீன் மணலைத் தாண்டி அந்தப் பக்கம் போகாது, அதனால் கரைக்கு ஒரு நிறமாகவே நின்றுவிட்டது. நீலத்திலும் ஒரு கரை நீலத்துக்கு முதுகுத் துடுப்பின் ஓரம் வெள்ளை, இன்னொரு கரை நீலத்துக்கு அதே ஓரம் இளமஞ்சள். தெரிந்தவன் விரும்பி வாங்குவது ஒரு கரையின் மீனாகச் சுத்தமாக இருப்பதைத்தான். இதில் இன்னொரு வம்பு, நிறமெல்லாம் ஆணுக்கு மட்டும். எந்தக் கரைப் பெண்ணும் ஒரே சாம்பல் நிறம்தான். மஞ்சள் கரைப் பெண்ணையும் நீலக் கரைப் பெண்ணையும் ஒரே வாளியில் போட்டுவிட்டால் அதைப் பெற்ற தாயாலும் பிரித்துச் சொல்ல முடியாது. நம் தொட்டியில் மணல்வெளி ஏது, எல்லாம் கூடிக்கொள்ளும். பிறக்கிற குஞ்சு மஞ்சளுமில்லாமல் நீலமுமில்லாமல், சாயம் போன பழந்துணி மாதிரி வரும்.

சரி, ஆணின் நிறத்தையாவது நம்பலாமா என்றால் அதுவும் முடியாது. தொட்டித் தரை கருப்பாக இருந்தால் நிறம் ஏறும், வெளுப்பாக இருந்தால் இறங்கும். பயந்தால் போய்விடும். தீவனத்தில் மருந்து கலந்து கொடுத்து, மூன்று மாதக் குஞ்சைக்கூட கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுக்கி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் எல்லாம் கழன்றுவிடும். ஆகவே இந்தத் தொழிலில் கண்ணை நம்பக் கூடாது. எந்தத் தொட்டியில் பிறந்தது, யார் கை பட்டு வந்தது, அதைத்தான் பார்க்க வேண்டும். எனக்கென்றே செய்து வைத்த தொழில் போல இருந்தது போ. நான் பிறவியிலேயே சந்தேகக்காரன். வேறு எந்த வேலைக்குப் போயிருந்தாலும் அடித்துத் துரத்தியிருப்பார்கள். இந்த வேலையில் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள்.

உனக்கு நினைவிருக்கும், தொட்டிக்கு ஒரு வலை, வலைக்கு ஒரு ஆணி, ஆணிக்கு மேலே எண். மூன்றாம் நம்பர் வலை நான்காம் நம்பர் தண்ணீரைத் தொட்டால் அன்றைக்கு வீட்டில் சாப்பாடு இறங்காது. வெளியூரிலிருந்து புதுப் பை வந்தால் அதை நான்தான் அவிழ்ப்பேன், நான்தான் தொட்டியில் விடுவேன், வேறு யார் கையும் படக்கூடாது. தீவன டப்பாவில் எதுவரைக்கும் இருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டு வைப்பேன். அது பழகிப்போய் சமையலறையில் நல்லெண்ணெய் பாட்டிலுக்கும் ஒருநாள் கோடு போட்டுவிட்டேன். அன்றைக்கு உன் அம்மா பாட்டிலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "கோடு போட்டுக்கினே இருங்க. கடைசில கோட்டுக்கு இந்தப் பக்கம் நீங்க மட்டும்தான் நிப்பீங்க" என்றாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணெய் கம்மியாகத்தான் இருந்தது என்பதிலேயே என் புத்தி நின்றது.

ஏழுமலை நம்மிடம் ஆறு வருஷம் வேலை பார்த்தார். கரியாலூரிலிருந்து திங்கட்கிழமை இறங்கி வந்தால் சனிக்கிழமைதான் மலை ஏறுவார். நான் மீனைப் பார்க்க வலையைத் தூக்குவேன், அவர் பீடியைக்கூடப் பற்ற வைக்காமல் கைகட்டி நின்று பார்ப்பார். எது எதை விரட்டுகிறது, எது தீனிக்கு முந்துகிறது, எது மூலையிலேயே கிடக்கிறது என்று அவருக்கு எல்லாம் தெரியும். நீ காலேஜ் முடித்துவிட்டு வீட்டோடு இருந்த ஒன்றரை வருஷமும் அவரோடுதான் சுற்றினாய். அண்ணே அண்ணே என்று நீ அவர் பின்னால் போவது எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரியாது. இரண்டு பேர் சேர்ந்து சிரித்தால் மூன்றாவது ஆளைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று நினைக்கிற வியாதி எனக்கு.

அந்த ஐப்பசியில் சென்னையிலிருந்து ஆறு பெண் மீன் வரவழைத்தேன். எல்லாம் மஞ்சள் கரை, சுத்தம் என்று விற்றவர் சொன்னார். மூன்றாம் தொட்டியில் இருந்த பெரிய மஞ்சள் ஆணோடு விடுவதற்காக வாங்கியது. வழக்கம்போல நானே பையை அவிழ்த்தேன். ஏழுமலை குனிந்து பார்த்துவிட்டு, "ஐயா, ஆறுல ஒண்ணு பொட்ட மாரித் தெரியலீங்க. முதுகுத் துடுப்பு கூரா கீது பாருங்க. அத்த மட்டும் ஒரு மாசம் தனியாப் போட்டுப் பாக்கலாங்க" என்றார். நான் மீனைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன். தனியாகப் போட்டால் கணக்கில் வராது, அப்புறம் அதை இவன் எங்கே கொண்டுபோவான் என்று யோசித்தேன். "உனக்கு இன்னா தெரியும்? மலையில மரவள்ளி நட்றவன் எனக்குச் சொல்லித் தரியா?" என்றேன். அவர் போய், தொட்டிகளுக்குக் காற்று விடுகிற ஏர் மோட்டாரைத் துடைத்தார். நான் ஆறையும் என் கையால் மூன்றாம் தொட்டியில் விட்டேன்.

எட்டு மாதம் கழித்து ஆனியில், தனியே பிரித்து வளர்த்த ஆண் குஞ்சுகள் நிறம் காட்டின. பாதி மஞ்சள். மீதிப் பாதி அந்தச் சாயம் போன பழந்துணி. என் மூன்றாம் தொட்டி மஞ்சளுக்கு பெங்களூரிலிருந்தெல்லாம் ஆள் சொல்லி வைத்திருந்தார்கள். தப்பு எங்கே நடந்தது என்று நான் ஒரு நிமிஷம்கூடத் தேடவில்லை, யார் பண்ணியது என்றுதான் தேடினேன். நல்ல குஞ்சை எடுத்து வெளியே கொடுத்துவிட்டு, கலப்புக் குஞ்சைப் போட்டு எண்ணிக்கையைச் சரிக்கட்டியிருக்கிறான் என்று முடிவு செய்தேன். வெளியே கொண்டுபோக ஒரு ஆள் வேண்டுமே, அதற்கும் விடை கிடைத்தது. உன் வண்டிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஆம், நீ குளிக்கப் போயிருந்தபோது சாவியை எடுத்துத் திறந்தேன். உள்ளே மீன் கொண்டுபோகிற ஆக்சிஜன் பை நாலு, ரப்பர் பேண்டு ஒரு கைப்பிடி.

அன்றைக்கு நான் பேசியதை எழுத எனக்கே கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஏழுமலையைத் திருடன் என்றேன். துணிப்பையைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னேன். அவர் கவிழ்த்தார், ஒரு லுங்கி, ஒரு சட்டை, பொண்ணுக்கு வாங்கிய ரிப்பன். நீ நடுவில் வந்து, "அவரு எடுத்திருக்க மாட்டாருப்பா" என்றாய். "நீ சொல்லாம இருப்பியா? கூட்டுத் திருடனுக்கு வாய் ஜாஸ்தி" என்றேன். "இந்தப் பை எதுக்குடா? யாருக்குடா கொண்டு போற?" என்று ஆக்சிஜன் பையை உன் மூஞ்சியில் எறிந்தேன். நீ பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதவன் கள்ளன் என்று நான் முடிவு கட்டினேன். அரை மணி நேரத்தில் நீயும் அவரும் ஒரே வண்டியில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனீர்கள். அவர் மலைக்குப் போனார், நீ சென்னைக்குப் போனாய். வண்டியை மெக்கானிக் கடையில் விட்டுவிட்டு, சாவியை ஆள் மூலம் கொடுத்தனுப்பினாய்.

அந்தப் பை எதற்கு என்று போன மாதம் உன் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. பெண் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் என்று போட்டிருந்தது. கொசுப் புழுவைத் தின்னட்டும் என்று ஊர்த் தண்ணீர்த் தொட்டிகளில் விட, கப்பி என்கிற பொடி மீனை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாய். நாம் சும்மா அள்ளிக் கொட்டுகிற கப்பி! அதைச் சொல்லியிருந்தால் பெண் பேரும் சேர்ந்து வரும், அந்தக் கோபத்தில் நான் அவளையும் ஏதாவது சொல்வேன் என்றுதானே வாயை மூடிக்கொண்டாய்? நிச்சயமாகச் சொல்லியிருப்பேன்.

இனி எழுதப்போவது உன் அம்மாவுக்கே போன வாரம் வரை தெரியாது. நீங்கள் போன பிறகு ஆடி பிறந்த சமயம், பகலில் நாலு மணி நேரம் கரண்ட் போய், ஏர் மோட்டார் நின்று, மூன்றாம் தொட்டியின் பெரிய மஞ்சள் ஆண் செத்துப்போனது. பெண்கள் ஆறும் பிழைத்துக்கொண்டன. இருபது நாள் இருக்கும். ஒரு காலையில் தீனி போடப் போனேன். ஆறில் ஒன்றுக்கு மூக்கு நீலமாக இருந்தது. வெளிச்சம் அப்படி விழுகிறது என்று நினைத்தேன். அடுத்த நாள் கன்னம் நீலம். பத்து நாளில் அது முழு நீல ஆணாக நின்று மற்றதை விரட்டிக்கொண்டிருந்தது.

ஒரு தொட்டியில் ஒரு முரட்டு ஆண் இருந்தால் மற்ற ஆண்கள் நிறம் காட்டாது. பெண் மாதிரி சாம்பலாகவே மூலையில் ஒதுங்கிக் கிடக்கும், அடி வாங்காமல் பிழைக்க அதுதான் வழி. பெரியது போனால்தான் இது தலையைத் தூக்கும். இது எனக்குத் தெரியாததா? இருபது வருஷமாக வாங்குகிறவர்களுக்கெல்லாம் நானே சொல்லிக்கொடுத்த பாடம். ஆனால் என் கையால் அவிழ்த்த பையில் வந்த மீனை நான் சந்தேகப்படவே இல்லை, மற்றவன் கையை மட்டும்தான் சந்தேகப்பட்டேன். சாம்பலாகவே இருந்துகொண்டு, பெரியது பார்க்காத நேரத்தில் அது பெண்களோடு சேர்ந்திருக்கிறது. குஞ்சு கலந்ததற்கு வேறு காரணம் இல்லை. போன வாரம் உன் அம்மாவிடம் இதை விளக்கினேன். "நம்ம வூட்லயும் அப்படித்தான். எம்புள்ள சென்னைக்குப் போய்தான் சத்தமா சிரிக்கவே கத்துக்கிச்சி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அந்த நீலத்தைப் பார்த்த அன்றைக்கே உனக்குப் போன் பண்ணியிருக்க வேண்டும். பண்ணவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அதை வலையில் பிடித்து, நான்காம் தொட்டியில், நம் நீல மீன்களோடு விட்டுவிட்டேன். நீலத்தோடு நீலமாகக் கலந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? மூன்றாம் நம்பர் வலையாலேயே விட்டேன். என் ஆயுசில் நான் யாரையும் செய்ய விடாத காரியம் அது. நம் நான்காம் தொட்டி நீலத்துக்குத் துடுப்பு ஓரம் வெள்ளை. ஒரு வருஷத்தில் அங்கே பிறந்த குஞ்சுகளில் சிலதுக்கு ஓரம் இளமஞ்சளாக வந்தது. ஒளித்து வைத்தது வேறு கரை நீலம். ஒரு பொய்யை மறைக்கப் போய் இரண்டாவது தொட்டியையும் நாசம் பண்ணினேன். அதன்பிறகு நீலம் கேட்டு வந்தவர்களிடம் நோய் விழுந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

இரண்டு வருஷம் இதை வயிற்றில் வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் ஏழுமலையைத் திருடன் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. அந்த நீல விஷயத்தில்தான் நான் தப்பு, ஆனால் அவன் வேறு ஏதாவது எடுத்திருப்பான் என்று மனசு ஒரு மூலையில் கணக்குப் போடும். சந்தேகத்துக்கு ஆதாரம் போனாலும் அது போக மாட்டேன் என்கிறது, வேறு ஆதாரம் தேடிக்கொண்டு உட்காருகிறது.

நேற்றுக் காலை முதல் பஸ்ஸில் கிளம்பினேன். வழக்கப்படி புருஷன் பெண்டாட்டியாகப் போய்த்தான் பத்திரிகை வைக்க வேண்டும், உன் அம்மாவைக் கூப்பிட்டேன். "நான் வர மாட்டேன். நீங்க கொட்டினத நீங்களே போய் அள்ளுங்க" என்று தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம், பத்திரிகை எல்லாம் வைத்து, துணியில் கட்டிக் கொடுத்தாள். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலை ஏறுகிற வரைக்கும், முதலில் இதைச் சொல்லலாம், அப்புறம் அதைச் சொல்லலாம் என்று மனசில் அடுக்கினேன். வெள்ளிமலை வந்ததும் எல்லாம் மறந்துபோனது. நீ முன்கூட்டியே போன் பண்ணி ஏழுமலையிடம் சொல்லியிருப்பாய், இரண்டு பேரும் சேர்ந்து என்னை அங்கே நிறுத்தி வைத்து அவமானம் பண்ணப் போகிறீர்கள் என்கிற எண்ணம் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

ஏழுமலை வாசலில் சாமை காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "வாங்கய்யா" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார். அந்த இடைவெளியில் நான் பண்ணிய காரியத்தைக் கேள். வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு சிமென்ட் தொட்டி தெரிந்தது. தட்டை வாசலில் கிடந்த கட்டிலில் வைத்துவிட்டு, மெதுவாகப் போய் எட்டிப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வந்த ஆள், திருட்டு மீன் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறேன்! தண்ணீர் பச்சையாக இருந்தது, அடி தெரியவில்லை. இன்னும் குனிந்தேன். பின்னால் ஏழுமலை குரல் கேட்டது.

"மாட்டுக்கு வெச்ச தண்ணிங்க. கலக்கிப் பாக்கறதுன்னா பாத்துக்குங்க. குச்சி வேணுங்களா?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது. திரும்பி வந்து தட்டை எடுத்து நீட்டினேன். "எம்புள்ளைக்குக் கல்யாணம் ஏழுமல. குடும்பத்தோட வந்துடணும்" என்றேன். அவர் கையை நீட்டவில்லை. வெற்றிலை பாக்கோடு நீட்டிய தட்டை வாங்காமல் ஒருத்தர் நிற்பதை என் வாழ்க்கையில் நேற்றுதான் பார்த்தேன். அவர் பெண்டாட்டி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னா சொல்ல வந்தீங்களோ அத்த மொதல்ல சொல்லுங்கய்யா. பத்திரிக எங்கயும் ஓடிப் போவாது" என்றார்.

தட்டைப் பிடித்தபடியே சொன்னேன். "அந்த ஆறுல ஒண்ணு ஆணுதான் ஏழுமல. நீ சொன்னதுதான் சரி. நான்தான் கலந்துட்டேன். உன்னத் திருடன்னு சொன்னது தப்பு. என்ன மன்னிச்சிரு."

"தெரியுங்க" என்றார்.

"இன்னா தெரியும்?"

"அது ஆணுன்னு அன்னிக்கே தெரியுங்க. பெரிய மஞ்சளு இருக்கற வரைக்கும் வெளிய வராது, அது போனா உங்களுக்கே தெரிஞ்சிடும்னு தெரியும். தம்பிக்கும் தெரியும்."

எனக்குப் புரியவில்லை. "எந்தத் தம்பி?" என்றேன்.

"உங்க புள்ளதான். பஸ் ஸ்டாண்டுல வெச்சி நான் சொன்னேன். இப்பவே வா, போய் அந்த மீனத் தனியா எடுத்துக் காட்டலாம்னு கூப்ட்டேன். அதுக்குத் தம்பி, 'வேணாண்ணே. நாமளா போய்ச் சொன்னா, அதுக்குள்ள இன்னா சூது கீதுன்னு தேடுவாரு. அவரு வாயால வரட்டும். அது வரைக்கும் நீங்களும் ஒண்ணும் சொல்லாதீங்க'ன்னு எங்கைய புடிச்சி சத்தியம் வாங்கிக்கினு போச்சு."

தட்டை நீட்டியபடியே நின்றேன். அவர்தான் அதை வாங்கி, பெண்டாட்டி கையில் கொடுத்தார். என்னைக் கட்டிலில் உட்கார வைத்தார். "சரி, அந்த நீலத்த இன்னா பண்ணீங்க?" என்று கேட்டார். நான்காம் தொட்டிக் கதையைச் சொன்னேன். "அடக் கடவுளே, அதையும் கெடுத்தீங்களா!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்ப வேலைக்கு வரச்சொல்லிக் கேட்டேன். "அது வேணாங்க. கல்யாணத்துக்கு வரேன், தம்பிக்காக" என்றார். அதுதான் நியாயம்.

இறங்கி வருகிற பஸ்ஸில் முதலில் வந்தது கோபம்தான், மறைக்காமல் எழுதுகிறேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னைச் சோதனை பார்த்திருக்கிறீர்கள் என்று பல்லைக் கடித்தேன். மலையடிவாரத்துப் பரிகம் வருவதற்குள் கோபம் போய்விட்டது. நீ ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போதெல்லாம், "மூணாம் தொட்டி எப்படிப்பா கீது?" என்று கேட்பாயே, அது நினைவுக்கு வந்தது. நூறு ஞாயிற்றுக்கிழமையாவது கேட்டிருப்பாய். எவனுக்கோ வேவு பார்க்கிறான் என்று நினைத்து, "நல்லாத்தான் கீது" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் நீட்டுவேன். நீ ஒவ்வொரு வாரமும் எனக்குக் கதவைத் திறந்துவிட்டாய். நான் ஒவ்வொரு வாரமும் அதைச் சாத்தினேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கச்சிராயபாளையம் வரைக்கும் அழுதுகொண்டு வந்தேன்.

கல்யாணம் கட்டிக்கொள்கிறவனுக்கு அப்பன் என்று ஏதாவது சொல்லியாக வேண்டும். அவள் நேரம் கழித்து வந்தால், ஏன் என்று கேள். அவள் சொல்கிற பதிலை அப்படியே எடுத்துக்கொள். மனசு ஒப்பவில்லை என்றால் அதையும் அவளிடமே சொல், சண்டை போடு, தப்பில்லை. ஆனால் அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் பையைத் திறக்காதே. ஒருமுறை திறந்தவனுக்கு எந்தப் பையும் காலியாக இருக்காது. என் ரத்தம் உன்னிடமும் ஓடுகிறது, அதுதான் எனக்குப் பயம். பெண்ணே, நீயும் பார்த்துக்கொள். இவன் எதிலாவது கோடு போட்டு வைத்தால் அன்றைக்கே துடைத்துப் போடு.

நீ கேட்டது எழுத்தில், எழுத்திலேயே தருகிறேன். என் மகன் எதையும் திருடவில்லை. ஏழுமலையும் திருடவில்லை. இது எனக்கு அந்த ஆடி மாதமே தெரியும். தெரிந்துகொண்டே இரண்டு வருஷம் உங்கள் இரண்டு பேரையும் திருடர்களாக வைத்திருந்தேன். இதைக் கல்யாணத்தில் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டு.

ஏழுமலை குடும்பத்தோடு வருகிறார். அம்மா வருகிறாள், உன் பட்டு வேட்டியை எடுத்து மடித்து வைத்தாகிவிட்டது. நான் வரட்டுமா? வரவேண்டாம் என்று நீ சொன்னால் வீட்டில் இருந்துகொள்கிறேன். ஏன் என்று கேட்க மாட்டேன்.

உன் அப்பா